பார்க்காத ஆட்டத்தைச் சொன்னவர்கள்

ஒரு பேஸ்பால் ஆட்டம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். அதில் பந்து நிஜமாகவே ஆட்டத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று 2013ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குப் பார்த்தது. 17 நிமிடம் 58 விநாடி. அவ்வளவுதான். மிச்ச நேரம் பூரா பிட்சர் தொப்பியைச் சரிசெய்வார், பேட்டர் கையுறையை இறுக்குவார், கேட்சர் விரலால் ஏதோ சைகை காட்டுவார், யாராவது எச்சில் துப்புவார்கள். மைதானத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் வேடிக்கை. கையில் கடலைப் பொட்டலம் இருக்கிறது, பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது. ரேடியோவில் கேட்பவருக்கு? மிச்சமுள்ள இரண்டரை மணி நேரத்துக்கும் ஒரு மனுஷன் பேசியாக வேண்டும்.

அந்த மனுஷனைப் பற்றி கொஞ்ச நாளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன புதுசு என்று தோன்றலாம். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனையாளர் பெரும்பாலும் ஒரு அணியின் ஆள். இப்போது ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் அதே குரல் அதே வீட்டுக்குள் கேட்கும். சம்பளம் தருவது அணி, அல்லது விளம்பரக் கம்பெனி. கேட்கிறவரோ அவரை நம்ம வீட்டு ஆளாக நினைக்கிறார். அப்போ அவர் யாருக்கு உண்மையா இருக்கணும்? நூறு வருஷ வரலாற்றை எங்கே நோண்டினாலும் இந்தக் கேள்வி முளைத்துக்கொண்டே இருக்கிறது.

ரேடியோ வருவதற்கு முன்பே ஆட்டத்தைத் தூரத்திலிருந்து "பார்க்கிற" பழக்கம் இருந்தது. உலகத் தொடர் நடக்கும் நாட்களில் பத்திரிகை ஆபீஸ் வாசலில் பெரிய பலகை மாட்டுவார்கள். மைதானத்திலிருந்து தந்தி வரும், அதைப் பார்த்துப் பலகையில் பந்தை நகர்த்துவார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் தெருவை அடைத்துக்கொண்டு நின்று பலகையைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். வெறும் பலகைக்கு! ஆசை ஏற்கெனவே இருந்தது. குரல்தான் பாக்கி.

அந்தக் குரல் 1921 ஆகஸ்ட் 5 அன்று பிட்ஸ்பர்க் நகரத்தில் வந்தது. கேடிகேஏ என்ற நிலையம், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்குச் சொந்தமானது. பேசியவர் ஹெரால்ட் ஆர்லின். வெஸ்டிங்ஹவுஸில் வேலை பார்த்த எஞ்சினியர், அப்போது வயது 25. ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் சாதாரணப் பார்வையாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, டெலிபோனை மாற்றிச் செய்த ஒரு மைக்கில் பேசினார். பைரேட்ஸ் அணி ஃபில்லீஸை 8க்கு 5 என்று ஜெயித்தது. நடு நடுவே டிரான்ஸ்மிட்டர் மக்கர் பண்ணியது, கூட்டத்தின் சத்தம் அவர் குரலை முழுங்கியது. இது ஒரு தடவையோடு முடிந்துபோகும் சோதனை என்றுதான் ஆர்லினே நினைத்தாராம்.

ஆர்லின் பிற்காலத்தில் சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேப் ரூத், அந்தக் காலத்தின் மிகப்பெரிய நட்சத்திரம், கேடிகேஏ ஸ்டுடியோவுக்கு வந்தார். அவருக்காக ஒரு சின்ன உரையை எழுதி வைத்திருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் ரூத்துக்கு வாயே வரவில்லை. ஆயிரக்கணக்கானவர் முன்னால் மட்டையைச் சுழற்றுகிற ஆள், ஒரு உலோகக் குடுவைக்கு முன்னால் உறைந்துபோய் நின்றார். ஆர்லின் காகிதத்தைப் பிடுங்கி, தானே பேப் ரூத்தாகப் பேசி முடித்தார். அப்புறம் நேயர்களிடமிருந்து கடிதம் வந்தது: ரூத்தின் குரல் எவ்வளவு அருமை என்று பாராட்டி! ஆக, ஆரம்பத்திலேயே பாடம் தெளிவாயிற்று. கேட்கிறவரால் எதையும் சரிபார்க்க முடியாது. சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

1921 உலகத் தொடரையே இன்னொருவர் வழியாகத்தான் ஒலிபரப்பினார்கள். மைதானத்திலிருந்து ஒருவர் டெலிபோனில் சொல்வார், நியூஜெர்சி ஸ்டுடியோவில் டாமி கோவன் அதைத் திருப்பிச் சொல்வார். 1923ல் கிரஹாம் மெக்நமி வந்ததும் நிலைமை மாறியது. இவர் விளையாட்டு நிருபர் கிடையாது, பாடகர். நீதிமன்றத்தில் ஜூரி வேலைக்காக வந்தவர், இடைவேளையில் பக்கத்திலிருந்த ரேடியோ நிலையத்துக்குள் நுழைந்து வேலை கேட்டார். கிடைத்தது. அவ்வருட உலகத் தொடரில் முதலில் பேசிய பத்திரிகையாளர் தொடரின் நடுவிலேயே விலகிக்கொள்ள, மைக் முழுசாக மெக்நமி கைக்கு வந்தது. வானம் எப்படி இருக்கிறது, யார் என்ன தொப்பி போட்டு வந்திருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னார். 1925 தொடருக்குப் பிறகு அவருக்குச் சுமார் 50,000 கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். ஆட்ட நுணுக்கம் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர்களுக்குக் கடுப்பு. மைதானத்தில் இரண்டு ஆட்டம் நடக்குது, நாம் பார்த்தது ஒன்று, மெக்நமி சொன்னது இன்னொன்று என்று ரிங் லார்ட்னர் கிண்டல் அடித்ததாக ஒரு பேச்சு உண்டு. மக்கள் கவலைப்படவில்லை. அவர்களுக்குக் கூட்டத்தின் நடுவில் நிற்கிற உணர்வு வேண்டியிருந்தது, அதை அவர் கொடுத்தார்.

அணி முதலாளிகளுக்கு வேறு பயம். வீட்டிலேயே இலவசமாகக் கேட்க முடிந்தால் எவன் டிக்கெட் வாங்குவான்? சிகாகோ கப்ஸ் முதலாளி ரிக்லி மட்டும் எதிர்த்திசையில் யோசித்தார். சூயிங்கம் விற்றுப் பணக்காரரானவர், விளம்பரத்தின் அருமை தெரியும். எந்த நிலையம் வேண்டுமானாலும் வந்து ஒலிபரப்பிக்கொள்ளலாம் என்று 1925 வாக்கில் கதவைத் திறந்துவிட்டார். ஒரே ஆட்டத்தைப் பல நிலையங்கள் ஒலிபரப்பின. கூட்டம் குறையவில்லை. 1927ல் ஒரே சீசனில் 10 லட்சம் பார்வையாளரைத் தாண்டிய முதல் நேஷனல் லீக் அணி கப்ஸ்தான். இதைப் பார்த்த பிறகும் நியூயார்க்கின் மூன்று அணிகளும் (யாங்கீஸ், ஜயண்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ்) சேர்ந்து ஒப்பந்தம் போட்டு 1934 முதல் 1938 வரை ஐந்து வருடம் ரேடியோவைத் தடை செய்தன. அமெரிக்காவின் மிகப்பெரிய நகரத்தில் உள்ளூர் ஆட்டத்துக்கு வர்ணனை கிடையாது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருது.

பிட்ஸ்பர்க்கில் இன்னொரு தகராறு. பைரேட்ஸ் அணி ஒலிபரப்பு உரிமையை ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனிக்கு விற்றிருந்தது. கேக்யூவி என்ற போட்டி நிலையம் பைசா கொடுக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தது. மைதானச் சுவருக்கு வெளியே, உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரியான இடத்தை வாடகைக்கு எடுத்து ஆளை உட்கார வைத்தது. அவர் பார்த்துச் சொல்ல, இவர்கள் ஒலிபரப்ப. 1938ல் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஆட்டத்தை நடத்துவது அணி, செலவழிப்பது அணி, அதனால் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் செய்தி கொஞ்ச நேரத்துக்காவது அணியின் சொத்து என்று தீர்ப்பு வந்தது. இன்று ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஆயிரக்கணக்கான கோடிக்கு ஏலம் போகிறதே, அதற்கு அடியில் இருக்கும் யோசனையும் இதேதான்: ஒரு ஆட்டத்தை "இப்போ" சொல்வதற்கு ஒரு விலை உண்டு.

இனி இந்தக் குறிப்பின் தலைப்புக்கு வருகிறேன்.

வெளியூர் ஆட்டத்துக்கு வர்ணனையாளரை அனுப்ப ரயில் செலவு, ஓட்டல் செலவு. அங்கிருந்து ரேடியோ தரத்தில் டெலிபோன் லைன் எடுப்பது அதைவிடச் செலவு. தந்தி மலிவு. அதனால் 1930களில் ஒரு விசித்திரமான தொழில் வளர்ந்தது. வெஸ்டர்ன் யூனியன் ஆள் மைதானத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் சுருக்கக் குறியில் தந்தி அடிப்பார். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, ஸ்டுடியோவில் இன்னொரு தந்தி ஆள் அதைக் காகிதத் துண்டில் தட்டி, கண்ணாடி வழியாக நீட்டுவார். அதில் இருப்பது நாலைந்து எழுத்துதான்: முதல் ஸ்ட்ரைக், அல்லது முதல் பால், தாழ்வாக. இதை வைத்துக்கொண்டு வர்ணனையாளர் முழு ஆட்டத்தையும் கட்ட வேண்டும். பிட்சர் கையைச் சுழற்றுகிறார், சைகைக்குக் குனிகிறார், இதோ வீசுகிறார்... எல்லாம் கற்பனை. கட்டையைத் தட்டினால் மட்டையில் பந்து பட்ட சத்தம். கூட்டத்தின் ஆரவாரம் கிராமபோன் தட்டில். இதே வேலையை 1938ல் ஆஸ்திரேலிய வானொலி இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் போட்டிகளுக்குச் செய்தது. கடலடித் தந்தியில் ஸ்கோர் வரும், பென்சிலால் தட்டிச் சத்தம் கொடுப்பார்கள்.

இந்தத் தொழிலின் மிகப் பிரபலமான ஆள் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். ரொனால்ட் ரீகன், 1930களில் அயோவா மாநிலத்தின் டெமாயின் நகரத்தில் டபிள்யூஎச்ஓ நிலையத்தில் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நெருக்கடியான கட்டம், தந்தி ஆள் நீட்டிய துண்டில் லைன் செத்துப்போச்சு என்று இருந்தது. பாட்டுப் போட்டுச் சமாளித்தால் நேயர்கள் அதே ஆட்டத்தைச் சொல்லும் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். ரீகனுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஸ்கோர் புத்தகத்தில் ஏறாத ஒரே விஷயம் ஃபவுல். பந்து மட்டையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போவது. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் பேட்டர் அப்படியே நிற்கலாம். எனவே பேட்டரை ஃபவுலாக அடிக்க விட்டார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கேலரியில் ஒரு பையன் பந்துக்காகச் சண்டை போடுகிறான், இன்னொரு ஃபவுல், மயிரிழையில் ஹோம் ரன் தவறியது... ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்படியே ஓட்டினார். லைன் உயிர் வந்ததும் முதல் துண்டைப் படித்தால், பேட்டர் எப்போதோ முதல் பந்திலேயே அவுட்!

ரீகன் இந்தக் கதையை வாழ்நாள் முழுக்கச் சொன்னார். கவனித்துப் பார்த்தால் ஒரு இடத்தில் பேட்டர் ஆகி கேலன், இன்னொரு இடத்தில் பில்லி ஜர்ஜஸ். கதையையும் அவர் ஆட்டத்தைக் கட்டின மாதிரியேதான் கட்டியிருக்கிறார் போல. 1937ல் கப்ஸ் அணியோடு பயிற்சி முகாமுக்குக் கலிஃபோர்னியா போன இடத்தில் வார்னர் பிரதர்ஸ் ஸ்கிரீன் டெஸ்ட் கிடைத்தது, அவர் சினிமாவுக்குப் போனார். மீதி உங்களுக்குத் தெரியும்.

பிட்ஸ்பர்க்கில் ரோசி ரௌஸ்வெல் என்று ஒருவர். பைரேட்ஸ் ஆள் ஹோம் ரன் அடித்தால், மைதானத்துக்கு வெளியே வசிக்கும் மின்னி அத்தையைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்வார். பாவம், அத்தை ஒரு நாளும் சமயத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. தடால் என்று கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்கும். ஸ்டுடியோவில் உதவியாளர் ஒரு தட்டு நிறைய நட்டு போல்ட்டைக் கீழே கொட்டுவார், அதுதான் விஷயம். டெக்சாஸில் கோர்டன் மெக்லெண்டன் இதையே பெரிய வியாபாரமாக்கி 400க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு ஆட்டங்களைக் "கட்டி" அனுப்பினார். 1952ல் அணிகள் உரிமையை இறுக்கிப் பிடிக்க, கடை மூடியது.

இவர்களெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் ரெட் பார்பர். அவரும் தந்தியை வைத்து வெளியூர் ஆட்டம் சொல்லியிருக்கிறார். ஆனால் மைக்கைத் தந்திக் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். டக் டக் என்ற சத்தம் நேயர் காதில் விழ வேண்டும்; நான் மைதானத்தில் இல்லை, தந்தியைத்தான் படிக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். கிராமபோன் கூட்டம் கிடையாது, கட்டைத் தட்டல் கிடையாது. எனக்கு இந்தச் சின்ன முடிவு ரீகனின் ஏழு நிமிடத்தைவிடப் பெரிசாகத் தெரிகிறது. ரசிக்க வைப்பது ரீகன் கதைதான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் அந்தக் காலத்து நேயராக இருந்திருந்தால் பார்பரைத்தான் திருப்பியிருப்பேன்.

பார்பர் மிசிசிப்பியில் பிறந்து ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். 1934ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு வர்ணனையாளரானார். அவர் வாழ்க்கையில் பார்த்த முதல் மேஜர் லீக் ஆட்டமே அவர் வர்ணித்த முதல் ஆட்டம்தான். ரெட்ஸில் இருந்த லாரி மெக்ஃபெய்ல் 1938ல் புரூக்ளினுக்குப் போய், அடுத்த வருடமே நியூயார்க் தடையை உடைத்து, பார்பரைக் கூட்டி வந்தார். மென்மையான தென்னாட்டுப் பேச்சு, புரூக்ளின்காரர்களுக்குப் புது ருசி. மேஜையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்று, முட்டை வேகவைக்கப் பார்ப்பார்களே அது, எப்போதும் இருக்கும். மணல் இறங்கினதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். இப்போதுதான் ரேடியோவைப் போட்டவருக்கு ஸ்கோர்தான் முதல் தேவை. எவ்வளவு சின்ன விஷயம், எத்தனை பேர் இன்றும் மறந்துவிடுகிறார்கள்!

1939 ஆகஸ்ட் 26 அன்று முதல் மேஜர் லீக் டிவி ஒளிபரப்புக்கும் அவர்தான் குரல். இரண்டு கேமரா. எந்தப் படம் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க அவருக்கு மானிட்டர் கிடையாது. எந்தக் கேமராவில் விளக்கு எரிகிறது என்று பார்த்து ஊகித்துப் பேசினார். நடுவில் கேமரா முன்னாலேயே வீட்டீஸ் தானியத்தைக் கிண்ணத்தில் கொட்டி, பாலும் வாழைப்பழமும் சேர்த்து விளம்பரமும் செய்தார். விளம்பரமும் வர்ணனையும் அன்றைக்கே ஒரே வாயில் கலந்தாச்சு. யாங்கீஸ் வர்ணனையாளர் மெல் ஆலன் ஹோம் ரன்னுக்கே பியர் கம்பெனி, சுருட்டுக் கம்பெனி பெயரைச் சூட்டினார்.

பார்பர் அடிக்கடி நினைவுகூரும் ஒரு சம்பவம் 1935 உலகத் தொடருக்கு முன்னால் நடந்தது. பேஸ்பால் ஆணையர் நீதிபதி லாண்டிஸ் வர்ணனையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு ஆட்டக்காரர் என் இருக்கைக்கு வந்து என் முகத்தில் துப்பினால், துப்பினதை மட்டும் சொல்லுங்கள், எவ்வளவு குறி பார்த்துத் துப்பினார் என்றுகூடச் சொல்லுங்கள். ஆணையர் என்ன நினைக்கிறார் என்பது உங்கள் வேலை இல்லை. இதுதான் சாரம்.

பத்து வருடம் கழித்து இது அவருக்குத் தேவைப்பட்டது. 1945ல் டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரைச் சாப்பிடக் கூட்டிப்போய், புரூக்ளினுக்கு ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக் கொண்டு வரப்போகிறேன் என்று ரகசியமாகச் சொன்னார். அதுவரை மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு எழுதாத தடை. பார்பர் நிறப் பாகுபாடு ஊறிய தென்னாட்டில் வளர்ந்தவர். வீட்டுக்குப் போய் மனைவியிடம் வேலையை விடப்போகிறேன் என்றார். அவசரப்படாதே என்றார் மனைவி. யோசித்தார். தான் வெள்ளையனாகப் பிறந்ததில் தன் சாமர்த்தியம் எதுவுமில்லை என்பதும், லாண்டிஸ் சொன்னதும் அவருக்கு வழிகாட்டின. நடப்பதைச் சொல்வதுதான் என் வேலை. 1947ல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது பார்பர் அவரை ஒரு பேஸ்பால் ஆட்டக்காரராகவே வர்ணித்தார். அடித்தால் அடித்தார், ஓடினால் ஓடினார். அவரைத் தென்னாட்டு உச்சரிப்போடு ஒருவர் இப்படி இயல்பாகச் சொன்னது புரூக்ளின் வீடுகளில் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே "நடப்பதைச் சொல்" கொள்கை கடைசியில் அவர் வேலைக்கே உலை வைத்தது. பின்னாளில் யாங்கீஸுக்குப் போயிருந்தார். 1966ல் யாங்கீஸ் கடைசி இடம். செப்டம்பர் 22 அன்று யாங்கீ ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 413 பேர். பிரம்மாண்டமான மைதானம், 413 பேர்! காலியான இருக்கைகளைக் காட்டும்படி டிவி ஆட்களிடம் கேட்டார் பார்பர். காட்ட மறுத்தார்கள். இன்றைய செய்தி ஆட்டம் இல்லை, இந்தக் கூட்டம்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டார். சில நாட்களில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தகவல் வந்தது. இதற்கு முன்பே, 1964ல், மெல் ஆலனையும் யாங்கீஸ் வெளியே காரணம் சொல்லாமல் அனுப்பியிருந்தது. 1978ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் வர்ணனையாளர்களுக்காக ஃபோர்டு ஃப்ரிக் விருதை ஆரம்பித்தபோது முதல் இருவர் யார் தெரியுமா? இந்த ஆலனும் பார்பரும்தான்.

இடையில் எர்னி ஹார்வெல் கதையைச் சொல்லியே ஆகணும். 1948ல் பார்பர் வயிற்றுப் புண்ணால் படுத்துவிட, அட்லாண்டாவில் ஒரு சிறிய அணிக்கு வர்ணனை செய்துகொண்டிருந்த ஹார்வெலை ரிக்கி கேட்டார். அட்லாண்டாக்காரர்கள் சும்மா விடுவார்களா? பதிலுக்கு ஒரு கேட்சர் வேண்டும் என்றார்கள். கிளிஃப் டாப்பர் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து வர்ணனையாளரை வாங்கினார் ரிக்கி. ஆட்டக்காரருக்கு மாற்றாக வாங்கப்பட்ட வர்ணனையாளர் இவர் ஒருவர்தான். பின்னாளில் டெட்ராய்ட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் பேசினார். கேலரிக்குப் போகும் ஃபவுல் பந்தை இன்ன ஊர்க்காரர் ஒருவர் பிடித்தார் என்று மிச்சிகன் ஊர் ஒன்றின் பெயரைச் சொல்வார். அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது, சும்மா சொல்வதுதான். அந்த ஊரில் ரேடியோ கேட்பவருக்கு ஒரு குஷி, அவ்வளவுதான். இந்தப் பொய்யை மட்டும் பார்பரே மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதே ஹார்வெல் 1951 அக்டோபர் 3 அன்று ஜயண்ட்ஸ் வர்ணனைக் குழுவில் இருந்தார். ஜயண்ட்ஸுக்கும் டாட்ஜர்ஸுக்கும் லீக் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4க்கு 2 என்று பின்தங்கியிருந்த ஜயண்ட்ஸின் பாபி தாம்சன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அன்று நாடு முழுவதற்கும் போகும் டிவி ஹார்வெலுக்கு, உள்ளூர் ரேடியோ சகா ரஸ் ஹாட்ஜஸுக்கு. பெரிய வாய்ப்பு தனக்குத்தான் என்று ஹார்வெல் நினைத்திருப்பார். டிவியில் அவர் சொன்னது காற்றோடு போயிற்று. யாரும் பதிவு செய்யவில்லை. ரேடியோ நிலையமும் பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. ஆனால் புரூக்ளினில் ஒரு ரசிகர், வேலைக்குப் போகும் முன், கடைசி இன்னிங்ஸைக் கொஞ்சம் டேப்பில் பிடித்து வைக்கும்படி தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா பட்டனை அழுத்தியதால், ஜயண்ட்ஸ் ஜெயிச்சாச்சு என்று ஹாட்ஜஸ் திரும்பத் திரும்பக் கத்தியது இன்றும் நமக்குக் கேட்கிறது. அமெரிக்க விளையாட்டு வர்ணனையிலேயே அதிகம் ஒலித்த குரல் ஒரு வீட்டு டேப்பில் பிழைத்தது. (ஜயண்ட்ஸ் அந்த சீசனில் தொலைநோக்கி வைத்து எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருடியது 2001ல் வெளியே வந்தது தனிக் கதை.)

பார்பர் வளர்த்த பையன் வின் ஸ்கல்லி. 1950ல் டாட்ஜர்ஸ் ரேடியோவில் சேர்ந்தார், 2016ல் ஓய்வு பெற்றார். 67 சீசன், ஒரே அணி. சின்ன வயதில் வீட்டிலிருந்த பெரிய ரேடியோவுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டு கூட்டத்தின் ஆரவாரம் தலைமேல் கொட்டுவதைக் கேட்பாராம். 1958ல் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது ஆட்டம் நடந்தது 90,000 பேருக்கு மேல் கொள்ளும் கொலீசியத்தில். பல இருக்கைகளிலிருந்து ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரிதான் தெரிவார்கள். அதோடு அந்த ஊர் மக்களுக்கு மேஜர் லீக் புதுசு. அதனால் டிரான்சிஸ்டரோடு மைதானத்துக்கு வந்தார்கள். கண்ணெதிரே நடப்பதை ஸ்கல்லி சொன்னால்தான் நம்பினார்கள். 1960ல் ஒரு அம்பயருக்குப் பிறந்தநாள் என்று ஸ்கல்லி ரேடியோவில் சொல்லி, மூன்று எண்ணுகிறேன், எல்லோரும் வாழ்த்துங்கள் என்றார். மைதானமே எழுந்து கத்தியது. அம்பயருக்கு ஒன்றும் புரியவில்லை!

அவர் தனியாகவே பேசுவார். பக்கத்தில் விவாதிக்க ஒரு முன்னாள் ஆட்டக்காரர் கிடையாது. நான் நேயரிடம் பேசுகிறேன், இன்னொருவரிடம் பேசுவதை நேயர் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1965 செப்டம்பர் 9 அன்று சாண்டி கோஃபாக்ஸ் ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடாமல் ஆட்டத்தை முடித்தார். கடைசி இன்னிங்ஸில் ஸ்கல்லி திரும்பத் திரும்ப மணி என்ன என்று சொன்னார், கடைசி அவுட் விழுந்தது இரவு 9:46. பின்னாளில் கோஃபாக்ஸ் பதிவைக் கேட்டால் அந்த நேரம் நினைவிருக்கட்டும் என்று. அந்த இன்னிங்ஸை எழுத்தில் போட்டால் நல்ல சிறுகதை மாதிரி வாசிக்கலாம். அத்தனையும் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது.

ஆனால் ஸ்கல்லியின் பெரிய திறமை வாயை மூடுவது. 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. ஹாங்க் ஆரன் 715வது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். அதற்கு முன் மாதக்கணக்கில் ஆரனுக்கு இனவெறிக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பந்து வேலியைத் தாண்டியதும் ஸ்கல்லி மைக்கை விட்டு எழுந்து அறையின் பின்பக்கம் போய்விட்டார். நேயர்களுக்குக் கூட்டமும் வாணவேடிக்கையும் மட்டும். திரும்பி வந்து, தென்கோடி மாநிலம் ஒன்றில் ஒரு கறுப்பினத்தவருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்ற விஷயத்தைச் சொன்னார். பார்பர் 1945ல் வீட்டில் உட்கார்ந்து குழம்பியதற்கும் இதற்கும் இடையில் 29 வருடம். 1988 உலகத் தொடரில், காலில் காயத்தோடு நொண்டி வந்த கிர்க் கிப்சன் ஹோம் ரன் அடித்தபோதும், டிவியில் ஸ்கல்லி ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே டாட்ஜர்ஸுக்கு ஸ்பானிஷ் குரல் ஹைமே ஹரீன். ஈக்வடாரிலிருந்து 1955ல் வந்தவர், அதுவரை பேஸ்பால் பார்த்ததே இல்லை. 1959ல் வர்ணனைக் குழுவில் சேர்ந்தார். ஆரம்ப வருடங்களில் ஸ்பானிஷ் குழுவை வெளியூருக்கு அனுப்பவில்லை. ஹரீன் ஸ்டுடியோவில் ஸ்கல்லியின் ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கி, உடனுக்குடன் ஸ்பானிஷில் கட்டுவார். ரீகனுக்குத் தந்தி, இவருக்கு ஸ்கல்லி. 1981ல் மெக்சிகோ இளைஞர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா டாட்ஜர்ஸில் பிட்சராக வந்து ஊரையே கலக்கியபோது, ஆங்கிலம் தெரியாத அவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் உட்கார்ந்தவரும் ஹரீன்தான். 2022ல் ஓய்வு. ஸ்கல்லி அளவுக்கு இவரைப் பற்றி எழுதப்படவில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

பெண்களுக்கு இந்தக் கதவு ரொம்ப மெதுவாகத்தான் திறந்தது. 2005ல் சூசன் வால்ட்மன் யாங்கீஸ் ரேடியோவில் முழுநேர இணை வர்ணனையாளரானார். முதன்மை வர்ணனையாளராக ஒரு பெண், ஓக்லண்டில் ஜென்னி காவ்னர், வந்தது 2024ல்.

2020ல் கொரோனா வந்தது. வர்ணனையாளர்கள் அணியோடு பயணம் செய்யக் கூடாது என்றாயிற்று. சொந்த ஊர்க் காலி மைதானத்தில் உட்கார்ந்து, டிவி திரையைப் பார்த்து வெளியூர் ஆட்டத்தைச் சொன்னார்கள். ஆள் இல்லாத மைதானங்களில் கூட்டத்தின் சத்தம் ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்துப் போடப்பட்டது. தந்தியும் கிராமபோன் தட்டும் வேறு உடுப்பில் திரும்பி வந்த மாதிரி! கேமரா காட்டாத மூலையில் ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் பலர் தடுமாறினார்கள். 2021ல் டொராண்டோ புளூ ஜேஸின் ஒளிபரப்பு நிறுவனம் ஒரு படி மேலே போய், ரேடியோவுக்குத் தனி வர்ணனையே வேண்டாம், டிவியில் பேசுவதையே ரேடியோவிலும் விடலாம் என்று முடிவெடுத்தது. படம் பார்ப்பவருக்காகப் பேசுவதைப் படம் இல்லாதவர் கேட்டால் எப்படியிருக்கும்? "பாருங்கள் அவர் முகத்தை" என்றால் எதைப் பார்ப்பது?

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன அந்த 18 நிமிடக் கணக்கு. 2023ல் மேஜர் லீக் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் பந்து வீசியாக வேண்டும். சராசரி ஆட்ட நேரம் முந்தைய வருடத்தின் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. குறைந்த 24 நிமிடமும் ஆட்டத்திலிருந்து போகவில்லை, நடுவில் இருந்த சும்மா நேரத்திலிருந்து போனது. ஸ்கல்லி கதை சொன்ன நேரம் அது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒரு ஆட்டக்காரரின் தாத்தா ஊரைப் பற்றி ஆரம்பித்தால், இப்போது ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் பந்து வந்துவிடுகிறது. மீதியை அடுத்த பேட்டர் வரும்போதுதான் சொல்லணும்.